ஓடத் தெரிந்தவள்

கம்ப்யூட்டரில் ஆடும் அந்த விண்வெளி விளையாட்டில் லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தெரியாத வேலையே கிடையாது. சுரங்கம் தோண்டுவான், சரக்கு ஏற்றுவான், கப்பல் பழுது பார்ப்பான், கையோடு நாலு குண்டும் போடுவான். நான்கு வருடம் சேர்த்த புள்ளிகளை எல்லாத் திறனிலும் உப்பு மாதிரித் தூவி வைத்திருந்தான். அவன் தங்கை புருஷன் பல் டாக்டர். ஒரு பல்லில் இறங்கினால் பக்கத்துப் பல்லைத் திரும்பிப் பார்க்காத ரகம். மொத்தப் புள்ளியையும் ஒரே பீரங்கியில் கொட்டியிருந்தான்.

தங்கை சேர்ந்து இரண்டே வாரம். அவள் கற்றதும் ஒரே திறன்தான்: வேகமாக ஓடுவது. அதைக் கேட்டு இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

ஞாயிறு மத்தியானம் மூன்று கப்பல்களும் சரக்கோடு கிளம்பின. பாதி வழியில் டாக்டர் ஹெட்செட்டில் ஆரம்பித்தான்.

"மச்சான், நாலு வருஷமா நீ எல்லாத்துலயும் அரைகுறை."

"உனக்குக் கப்பலைத் திருப்பவே வராது மாப்ள. எதிரியே வந்து உன் பீரங்கிக்கு நேரா நிக்கணும்."

கொள்ளைக்காரர்கள் பின்பக்கமாக வந்தார்கள். பீரங்கி முன்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. மெக்கானிக் கொஞ்சம் சுட்டான், கொஞ்சம் பழுது பார்த்தான், கொஞ்சம் ஓடினான், ஒன்றும் உருப்படவில்லை. இரண்டு கப்பலும் வெடித்துச் சிதறின.

தங்கையின் கப்பல் மட்டும் சரக்கோடு துறைமுகத்தில் பத்திரமாக நின்றது.

"அவங்க வர்றது உனக்கு எப்படி முன்னாடியே தெரிஞ்சுது?" என்று கேட்டான் மெக்கானிக்.

"யாரு வந்தாங்க? நீங்க ரெண்டு பேரும் வாயைத் திறந்ததுமே நான் ஓடிட்டேண்ணா."