இடது சுட்டுவிரல்

ஈரத் துண்டால் அப்பாவின் இடது கையைத் துடைத்துக்கொண்டு வந்த ஷெர்லின், சுட்டுவிரலில் நின்றுவிட்டாள். நகத்தில் தொடங்கித் தோல்வரைக்கும் ஒரு கறுப்புக் கோடு. நேற்று ஓட்டுப் போட்ட எல்லார் விரலிலும் இருக்கிற கோடு. வாளியோடு நின்ற பக்கத்து வீட்டுத் தாயம்மாவின் விரலிலும் அது இருந்தது.

எதிரில் உட்கார்ந்திருந்த அம்மா போர்வையை இழுத்து அந்தக் கையை மூடினாள்.

"கையை விடு பிள்ளை. அவருக்குக் குளிரும்."

விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த மனுஷனுக்கு இனி என்ன குளிர். துக்கத்தில் பேசுகிறாள் என்றுதான் முதலில் பட்டது. அம்மா போர்வை ஓரத்தை அவர் இடுப்புக்கு அடியில் இறுக்கிச் செருகியதைப் பார்த்த பிறகு அப்படிப் படவில்லை.

இந்த வீட்டில் யாருக்கும் ஓட்டு கிடையாது. அப்பா சந்தாம்பிள்ளை மன்னாரில் சண்டைக்குத் தப்பிப் படகேறி வந்தவர். அம்மா ஞானபாக்கியத்தை முகாமில் கண்டு கட்டிக்கொண்டார். பிறகு வெளியே தங்க அனுமதி வாங்கித் திருவொற்றியூர் வந்து, கண்டெய்னர் யார்டில் மூட்டை இறக்கினார். அகதி என்றால் வாடகைக்கு வீடும் கிடைக்காது, வேலையும் நிலைக்காது. அதனால் கேட்டவர்களுக்கெல்லாம் தூத்துக்குடி என்றார்கள். பேச்சு காட்டிக்கொடுத்துவிடும் என்று அம்மா வெளி ஆட்கள் முன்னால் வாயைத் திறப்பது குறைவு. ஷெர்லின் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் பிறந்தவள். கடலுக்கு அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்றுகூடத் தெரியாது. இருந்தும் அவளும் அகதிதான்.

குடியுரிமை கேட்டு அவள் போட்ட மனு இப்போதுதான் போலீஸ் விசாரணைவரைக்கும் வந்திருந்தது. வீட்டில் யார் பேரிலும் ஒரு புகார் இருக்கக் கூடாது என்று வக்கீல் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். குடிமகன் இல்லாத ஆள் ஓட்டுப் போட்டால் அது புகாரோடு நிற்காது, கேஸ். மனுவை மூடிவிடுவார்கள். வேலை செய்கிற ஜவுளிக்கடையில் விரலைக் காட்டச் சொல்வார்கள் என்று, இரண்டு நாளைக்கு முன்பே காய்ச்சல் என்று சொல்லி லீவு எடுத்தவள் அவள். அப்பா மட்டும் எந்தத் தேர்தலுக்கும் வீட்டில் இருந்ததில்லை. யார்டில் ஆள் பற்றாது என்று அங்கேயே தங்கிவிட்டு இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் வருவார். இந்தத் தடவை நெஞ்சு வலித்ததால் நேற்று ராத்திரியே வந்து படுத்துவிட்டார்.

அந்த நாட்களில் எல்லாம் எங்கே போய் ஓட்டுப் போட்டாரோ.

தெருமுனையில் கட்சி வேலை பார்க்கும் ஜெயவேல் மாலையோடு வந்தான். ரோஜா வைத்த பெரிய மாலை. அவன் எழவு வீட்டுக்கு வருவதெல்லாம் ஓட்டுக் கணக்கு பார்த்துத்தான் என்று தெருவே சொல்லும். தாயம்மா புருஷன் செத்தபோது வீட்டில் ஆறு ஓட்டு. மூன்று கட்சி மாலையும் வந்தது. இந்த வீட்டுக்கு இவன் எதற்கு?

"இன்னாமா ஷெர்லினு, ஒரு போன் அடிக்க வேணாமா? ஐஸ் பெட்டி வந்துகினு கீது. எவனும் துட்டு கேக்க மாட்டான், நான் சொல்லிட்டேன்."

"எங்களுக்கு எதுக்குண்ணா இதெல்லாம்?"

"நல்லா கேட்ட போ. அண்ணன் ஒரு எலெக்சன் வுட்டதில்ல. நேத்துகூட யார்டு கேட்டாண்ட வெரலத் தூக்கிக் காட்டிட்டுத்தான் போனாரு. நம்ம ஓட்டுமா அது."

ஒரு எலெக்சன் வுட்டதில்லை. அப்படியானால் யார் பேரில் போட்டார்? செத்தவன் பேரிலா, வீடு மாறிப் போனவன் பேரிலா? யார் வருவார்கள், யார் வரமாட்டார்கள் என்று இவனுக்குத்தானே தெரியும். மாலை இலவசம், பெட்டி இலவசம். நாளைக்கு ஒன்று என்றால், எனக்கு என்னம்மா தெரியும் என்று இவன் சுலபமாகக் கழன்றுகொள்வான். மாலையை வைத்துவிட்டுப் போகும் அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுப்பங்கரையில் அம்மாவைத் தனியாகப் பிடித்தாள்.

"அப்பா யார் பேர்ல ஓட்டுப் போட்டவர்?"

அம்மா வாசலைப் பார்த்தாள். அங்கே தாயம்மா நின்றிருந்தாள்.

"இப்ப கேக்கிற கதையா இது? பேசாம இரு."

தெரிந்திருக்கிறது, இவளுக்கும் தெரிந்திருக்கிறது என்று ஷெர்லினுக்கு ஆத்திரமாக வந்தது. அம்மாவைச் சேலை மாற்ற உள்ளே கூட்டிப்போனார்கள்.

வரப்போகிற பெட்டிக்குக் கண்ணாடி மூடி. மார்பில் கூப்பி வைத்த கை எல்லார் கண்ணிலும் படும். அகதி செத்தால் ஸ்டேஷனுக்குச் சொல்ல வேண்டும் என்பதால் காலையிலேயே சொல்லியாகிவிட்டது, அகதிகளைக் கவனிக்கிற எஸ்.ஐ. எந்த நேரமும் வரலாம். ஷெர்லின் கதவை ஒருக்களித்தாள். தேங்காயெண்ணெயைத் தொட்டு விரலில் தேய்த்தாள். போகாது என்று அவளுக்குத் தெரியும். காலையில் தாயம்மா தன் விரலைச் சாம்பல் போட்டுத் தேய்த்தும் போகவில்லை என்று அலுத்துக்கொண்டிருந்தாள். இருந்தாலும் தேய்த்தாள்.

இரண்டாவது இழுப்பில் கோடு கரைந்து துண்டில் வந்துவிட்டது.

துண்டை மூக்கருகே கொண்டுபோனாள். எண்ணெயை மீறி ஒரு காரமான வாசனை. யார்டில் பெட்டிகளுக்கு எண் போடுகிற மார்க்கர் வாசனை. அப்பாவின் சட்டையில் எப்போதும் இருக்கிறது அது. ஓட்டுச்சாவடி மை இல்லை. அவர் எந்தச் சாவடிக்கும் போகவில்லை. தூத்துக்குடிக்காரன் என்று சொன்ன மனுஷன் ஓட்டு நாளில் வெறும் விரலோடு யார்டுக்குள் நுழைந்தால், ஏன் என்று கேட்க மாட்டார்களா?

எஸ்.ஐ. சாதாரணச் சட்டையில்தான் வந்தார். கால்மாட்டில் நின்று, எத்தனை மணிக்கு, எந்த டாக்டர் பார்த்தார் என்று தணிந்த குரலில் கேட்டார். கேட்டுக்கொண்டே அவர் கண் கூப்பிய கைகளில் போய் நின்றது. விரல் சுத்தமாக இருந்தது. ஆனாலும் ஷெர்லின் நகர்ந்து அந்தக் கையை மறைத்து நின்றாள்.

"உன் மனு என்கிட்டதான் கீதுமா. எல்லாம் முடிச்சிட்டு அப்பா அட்டையை எடுத்துக்கினு வா."

அகதி அட்டையைத்தான் சொன்னார். அவர் போனதும், திரும்பி வந்திருந்த ஜெயவேல் யாரும்மா அது என்று விசாரித்தான். கடை மேனேஜர் என்றாள். தூத்துக்குடி என்று சொல்வதுபோலவே அதுவும் தடுக்காமல் வந்தது.

ஐஸ் பெட்டி வந்தது. கூடவே யார்டு ஆட்கள் நாலு பேர். உடம்பைத் தூக்கிப் பெட்டியில் வைக்க அவர்கள்தான் நின்றார்கள். செருப்பைக் கழற்றிக்கொண்டே சின்னப்பையன் என்பவன் தன் விரலைப் பார்த்துக்கொண்டான். அப்பாவோடு ஒரே கேங்கில் மூட்டை தூக்கியவன்.

"நேத்து கேண்டீன்ல இன்னா நக்கல் தெரியுமா பாப்பா. உன் மை கோணலா கீதுடா, எனக்கு எப்டி நேரா வச்சிக்கீறாங்க பாருன்னு. எல்லாரும் சிரிச்சோம்."

சேலை மாற்றிக்கொண்டு வந்த அம்மா அதைக் கேட்டாள். பிறகு அப்பாவின் கையைப் பார்த்தாள். எண்ணெய் மினுக்கும் வெறும் விரல். ஷெர்லினை நிமிர்ந்து பார்த்தாள்.

"கொஞ்சம் வெளியில நில்லுங்க" என்றாள் ஆட்களிடம்.

கதவைச் சாத்தினாள். ஆணியில் தொங்கிய அவர் சட்டைப்பையிலிருந்து மார்க்கரை எடுத்தாள். முந்தானையால் விரலில் இருந்த எண்ணெயை அழுத்தித் துடைத்தாள். மூடியைப் பல்லால் கழற்றினாள். இதற்கு அவள் யோசிக்கவோ இடம் பார்க்கவோ வேண்டியிருக்கவில்லை.

"பிடி பிள்ளை."

ஷெர்லின் அந்த விரலை அசையாமல் பிடித்துக்கொண்டாள். அம்மா நகத்தில் வைத்து ஒரே இழுப்பாக இழுத்தாள். கோடு நேராக விழுந்தது.

பிறகு குனிந்து, அது காயும்வரைக்கும் மெல்ல ஊதினாள். வெளியே பெட்டியின் வயர் பிளக்குக்கு எட்டவில்லை என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.