கம்பியில் ஆள் கூடினால் குரல் மெலியும்

கனடாவின் சஸ்காட்சுவான் புல்வெளியில் ஒரே கம்பியில் பல வீடுகளுக்குத் தொலைபேசி ஓடிய காலம் அது. யாருக்கு அழைப்பு வந்தாலும் எல்லார் வீட்டிலும் மணி அடிக்கும். அடுத்தவர் பேசும்போது போனை எடுத்து ஒட்டுக்கேட்பது எல்லாரும் செய்கிற காரியம். செய்ததாக ஒருவரும் ஒப்புக்கொள்ளாத காரியம். எத்தனை பேர் எடுக்கிறார்களோ அந்த அளவுக்குப் பேசுகிறவரின் குரல் மெலிந்துபோகும்.

போர்கில்டுக்கு வயதான பிறகும் அந்த ஆண்டு அறுவடையை நினைத்தால் முதலில் கோதுமைத் தூசியின் வாசனை வரும். பிறகு அந்தச் சனிக்கிழமைக் காலை.

கல்யாணத்துக்கு முன் அவள் நகரத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஹால்வோரைக் கட்டிக்கொண்டு பண்ணைக்கு வந்தபின்னும் அந்த வேலை அவளை விடவில்லை. பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியோடு சேர்ந்த நர்ஸிங் பள்ளியில் பாடம் எடுத்தாள். பால் கறந்து காய்த்த கைகளோடு வரும் பண்ணைப் பெண்கள்; பனி மூடினால் டாக்டர் எட்டிப்பார்க்காத ஊர்களுக்குத் திரும்பப் போகிறவர்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, சேற்றில் லாரியை ஓட்டிக்கொண்டு வீடு திரும்பும்போது வருகிற களைப்பு அவளுக்குப் பிடித்திருந்தது.

அந்த இலையுதிர்காலத்தில் சமையலுக்குத் துணையாக இருந்த பெண் கல்யாணமாகிப் போய்விட்டாள். திங்கட்கிழமை கதிரடிக்கும் கூட்டம் அவர்கள் வயலுக்கு வருகிறது. அதே திங்கட்கிழமை கடைசி ஆண்டு மாணவிகளுக்குச் செய்முறைத் தேர்வு தொடங்குகிறது. கதிரடிக்க வருகிறவர்களுக்கு அந்த வீட்டுக்காரிதான் பொங்கிப்போட வேண்டும். வேறொருத்தி வந்து சமைத்தால் பல வருஷத்துக்குப் பேச்சு நிற்காது.

"போகாதேன்னு நான் சொல்லலையே," என்றான் ஹால்வோர்.

"சொல்லல. யாரு சமைப்பாங்கன்னும் நீ சொல்லல."

"யாரைப் போய்க் கூப்பிடறது? பக்கத்துப் பண்ணை ராக்னாவையா? சாகற வரைக்கும் சொல்லிக் காட்டுவா."

அவன் காப்பிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று அவளுக்குத் தெரியும். தேர்வை விட்டுவிட்டு நின்றால் அவள் இடத்துக்கு நகரத்திலிருந்து வேறு ஆள் வரும். பிறகு திரும்ப முடியாது. அதுவும் தெரியும்.

எழுந்துபோய்த் தொலைபேசியின் கைப்பிடியைச் சுற்றினாள். மறுமுனையில் பள்ளித் தலைமை நர்ஸ் மிஸ் க்ராண்டல்.

"திங்கட்கிழமையிலிருந்து நான் வரல, மேடம்."

கம்பியில் 'க்ளிக்' என்றது. இன்னொரு 'க்ளிக்'.

"என்ன சொல்றீங்க? காதுல விழல."

"வரலைங்க!"

மேலும் இரண்டு 'க்ளிக்'. யார் வீட்டிலோ ஏதோ வறுபடும் சத்தம்.

"சத்தமாச் சொல்லுங்க சிஸ்டர்!"

"வேலையை விடறேன்!"

மெதுவாகச் சொல்லி முடிக்க நினைத்ததை அவள் தன் சமையலறையில் நின்று கத்தினாள். கத்திய பிறகுதான் அது என்ன வார்த்தை என்று அவளுக்கே உறைத்தது.

"போர்கில்ட், உனக்குப் பைத்தியமாடி?"

ராக்னாவின் குரல்.

"யாரது நடுவுல?" என்றாள் மிஸ் க்ராண்டல்.

"நான்... தபாலாபீசுக்குப் பேசலாம்னு இப்பத்தான் எடுத்தேன்."

"இப்பத்தானா ராக்னா? முதல் க்ளிக்கே உன்னுதுதான்," என்றது இன்னொரு பக்கத்து வீட்டுக்காரி பெட்ராவின் குரல்.

"நீ மட்டும் போனை வச்சுக்கிட்டு ஜெபமா பண்ணிட்டிருந்தே?" ராக்னா மூச்சை இழுத்துவிட்டாள். "இதோ பாரு போர்கில்ட். என் மக எல்ட்ரிட் திங்கட்கிழமை தேர்வுக்கு நிக்கறா. உங்கிட்ட படிச்சவ, வேற ஒருத்தி முன்னால நிக்கணுமா? சமையலுக்கு நான் வரேன்."

"பழப் பலகாரம் நான் சுடறேன்," என்றாள் பெட்ரா.

"வேணாம், உன் பலகாரம் எப்பவும் அடிக் கருகல்," என்றாள் ராக்னா.

"நான் யாரையும் கூப்பிடலையே," என்றாள் போர்கில்ட்.

"கூப்பிடலதான். நாங்களும் போனை எடுக்கவே இல்ல. வெளிய சொன்னியோ, தெரியும் சேதி!" என்றாள் ராக்னா.

போர்கில்ட் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அவன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். காது சிவந்திருந்தது.

"எல்லாரும் போனை வைங்க," என்றாள், வகுப்பில் பேசும் குரலில். ஒவ்வொன்றாக வைத்தார்கள். கம்பி தெளிந்தது. "மேடம், திங்கட்கிழமை வந்துடறேன்."

திங்கட்கிழமை அவள் கிளம்பும்போது ராக்னா அவளுடைய அடுப்பைத் திட்டிக்கொண்டே அவளுடைய அலமாரிகளைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். தன் வீட்டுப் புகைபோக்கியில் இன்னொருத்தி மூட்டிய தீயின் புகை எழுவதைச் சாலையிலிருந்து பார்த்தது அவளுக்கு என்னவோ போலிருந்தது.

தேர்வில் எல்ட்ரிட் மருந்துப் புட்டியை எடுக்கும்போது அதில் ஒட்டிய சீட்டைப் படித்தாள், ஊற்றுமுன் படித்தாள், திரும்ப வைக்கும்போது படிக்கவில்லை. மூன்று முறை படிக்க வேண்டும். போர்கில்ட் அவளை அந்தத் தேர்வில் தேறவிடவில்லை.

மாலையில் வீட்டுக்குள் நுழைந்தாள். கதிரடிப்பவர்கள் சாப்பிட்டுப் போயிருந்தார்கள். மேசையில் அழுக்குத் தட்டுகள் மலையாகக் கிடந்தன. ராக்னா ரொட்டி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். போர்கில்ட் கோட்டைக்கூடக் கழற்றாமல் நடந்ததைச் சொன்னாள்.

ராக்னாவின் கை நின்றது.

"அழுதாளா?"

"அழுதா."

"மறுபடி தேர்வு எப்போ?"

"வியாழக்கிழமை."

ராக்னா மாவைத் திருப்பிப்போட்டு ஓங்கி ஒரு குத்து விட்டாள்.

"அப்போ வியாழக்கிழமையும் நான்தான் வரணும். உப்பு எங்கடி வச்சிருக்கே, காலையிலேருந்து தேடறேன்."