முதல் கோப்பை

எங்கள் ஊரில் பெண் கேட்கப் போவது என்றால் சும்மா இல்லை. குடும்பத்துப் பெரியவர்கள் கோட்டு மாட்டிக்கொண்டு கூட்டமாகப் போக வேண்டும். ஜாஹா என்போம். பெண் வீட்டார் முதல் கோப்பைக் கசப்புக் காப்பியை ஜாஹாவின் தலைவர் கையில் கொடுப்பார்கள். அவர் அதைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டு, வந்த காரியத்தைச் சொல்வார். பெண்ணின் அப்பா 'தந்தேன்' என்ற பிறகுதான் காப்பி தொண்டையில் இறங்கும்.

என் ஜாஹாவுக்குத் தலைவர் ஹாஜி தீப், என் பெரியப்பா. அப்பா இல்லாத எனக்கு அவர்தான் எல்லாம். நல்ல மனிதர், ஆனால் வாயைத் திறந்தால் மூட மாட்டார்.

முதல் தடவை கிளம்பி, இரண்டு ஊருக்கும் நடுவில் இருக்கிற ராணுவச் சோதனைச் சாவடியில் மாட்டி, சாயங்காலம் வரை வெயிலில் காய்ந்துவிட்டுத் திரும்பினோம். அங்கே நான் கட்ட ஆசைப்பட்ட அரீனின் அப்பா அபூ முஃதஸிம் ஆடு அறுத்துச் சமைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம். சாவடி எல்லாருக்கும்தான் இருக்கிறது, பெண் வேண்டும் என்கிறவன் விடியும் முன்பே கிளம்புவான் என்று சொல்லி அனுப்பினார். அடுத்த வாரம் வளைகுடாவிலிருந்து அரீனின் அத்தை மகன் வருகிறானாம். அதற்குள் நாங்கள் வந்து கேட்காவிட்டால் பெண் அவனுக்குத்தான். அரீன் போனில் அழவில்லை, திட்டினாள். அவள் அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இந்தத் தடவை விடியும் முன்பே கிளம்பினோம். சாவடியும் விடியும் முன்பே மூடிவிட்டது.

காரணம் கேட்டால் சிப்பாய்களுக்கும் தெரியவில்லை. அலீஸா பெரியம்மா வழக்கம்போல அங்கே நின்றிருந்தாள். அவள் அந்தச் சிப்பாய்களின் நாட்டுக்காரி, யூதப் பெண்மணி, பள்ளியில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவள். வாரத்தில் பாதி நாள் இங்கே வந்து நின்று, யாரை நிறுத்துகிறார்கள், யாரைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று பார்ப்பாள், அதிகாரிகளுக்குப் போன் போட்டு உயிரை எடுப்பாள். அவளைப்போல இன்னும் சில பெண்கள் உண்டு. சம்பளம் கிடையாது. சொந்த ஜனங்களிடம் வசவு மட்டும் தாராளமாகக் கிடைக்கும். அவள் அரபியைப் புத்தகத்தில் படித்தவள், வானொலியில் செய்தி வாசிப்பதுபோலப் பேசுவாள். அன்றும் போன் மேல் போன் போட்டாள். ஒன்றும் நடக்கவில்லை.

பெரியப்பா வருங்காலச் சம்பந்திக்குப் போனில் விஷயத்தைச் சொன்னார். சற்று நேரத்தில் எதிர்ப்பக்கக் கம்பி வேலிக்கு அப்பால் ஒரு வண்டி வந்து நின்றது. அபூ முஃதஸிம் காப்பிக் கூஜாவோடு இறங்கினார்.

"கிளம்பி வந்தவங்க விருந்தாளிதான். இன்னைக்கு இந்தக் கம்பிதான் என் வீட்டு வாசல்" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. நடுவில் நடமாட விட்டிருந்தது அலீஸாவை மட்டும்தான். அவள் தட்டில் முதல் கோப்பையை வைத்துக் கொண்டுவந்து நீட்டினாள். பெரியப்பா வாங்கி, முறைப்படி கார் பானெட்டின் மேல் வைத்துவிட்டு, தொண்டையைச் செருமி, கம்பியைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். ஆரம்பித்தது ஆதம் நபியிலிருந்து. அவர் எங்கள் கொள்ளுத்தாத்தாவின் தாத்தாவை எட்டுவதற்குள் அலீஸா கோப்பையை எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்துவிட்டாள். கிழவருக்குக் காப்பி பிடிக்கவில்லை என்று நினைத்துவிட்டாள் பாவம். நிறைந்த கோப்பையைப் பார்த்தால் சம்பந்தி மனம் நோகுமே என்று, பாதி வழியில் சாலையை மறித்துக் கிடந்த கான்கிரீட் கட்டைக்குப் பின்னால் நின்று, மடக்கென்று தானே குடித்துவிட்டாள்.

காலிக் கோப்பை அபூ முஃதஸிம் கைக்குப் போனது. அவர் அதைக் கவிழ்த்துப் பார்த்தார்.

"குடிச்சுட்டு அப்புறம் கேக்கறீங்களா? எம் பொண்ணு என்ன உங்க சட்டைப்பையிலயா இருக்கா?"

பெரியப்பாவின் வம்சாவளி அங்கேயே நின்றது. வாய்படவே இல்லை என்று அல்லாமேல் ஆணையிட்டார். யார் கேட்டது? அபூ முஃதஸிம் வண்டியில் ஏறிச் சாவியைத் திருகிவிட்டார். வளைகுடாக்காரனின் பளபளப்பான சூட்டு கண்முன் வந்தது.

அலீஸா வண்டியின் குறுக்கே போய் நின்றாள்.

"ஐயா, அருந்தியது நான். பிழை என்னுடையது."

அவர் இஞ்சினை அணைத்தார். மீசை துடித்தது, கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை.

"முதல் கோப்பை ஜாஹாவோட தலைவருக்குத்தான் தங்கச்சி. அதக் குடிச்சது நீங்க. அப்ப நீங்கதான் தலைவர். கேளுங்க."

பெரியப்பா இந்தப் பக்கம் முணுமுணுத்தார். நான் அவர் கையைப் பிடித்து அழுத்தினேன். அலீஸா தொப்பியைக் கழற்றினாள்.

"குஸை என்னும் இந்த இளைஞனுக்கு உங்கள் மகள் அரீனைக் கேட்கிறேன். இவனை மூன்று ஆண்டுகளாக இந்த வரிசையில் பார்க்கிறேன். முதியவர்களை முன்னே விடுவான். ஒரே ஒரு நாள்தான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தான். அன்று அவன் தோளில் அடுத்தவர் குழந்தை காய்ச்சலில் கிடந்தது."

"உங்க கண்ணால பாத்தீங்களா?"

"பார்ப்பதுதான் ஐயா என் வேலை."

என்னை ஒருத்தி இத்தனை நாள் இப்படிப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று எனக்கே அன்றுதான் தெரியும். கண் கலங்கிவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

"தந்தேன்" என்றார் அபூ முஃதஸிம். கம்பிக்கு இரண்டு பக்கமும் கையேந்தி, நிச்சயம் முடிந்ததற்கு ஃபாத்திஹா ஓதினோம். அலீஸா கூஜாவும் தட்டுமாக ஓடி ஓடி எங்களுக்கு ஊற்றினாள். ஒரு சிப்பாய்ப் பையன் தனக்கும் உண்டா என்று கேட்டான். கதவைத் திறந்தால் உண்டு என்றாள்.

எங்கள் ஊருக்குள் அலீஸா நுழைய அவள் நாட்டுச் சட்டத்தில் இடமில்லை. உள்ளே போகாதே என்று சாலையோரம் சிவப்புப் பலகையே வைத்திருக்கிறார்கள். ஜாஹாவின் தலைவர் இல்லாமல் கல்யாணமா என்று மாமனார் ஒற்றைக் காலில் நின்றார். அதனால் கல்யாணத்தன்று பெண்ணை அழைத்து வந்த வண்டிகளைச் சாவடியிலேயே நிறுத்தி, முதல் கோப்பையை அலீஸாவுக்கு ஊற்றினார்.

அவள் வாங்கினாள். குடிக்கவில்லை. குனிந்து, அந்தக் கான்கிரீட் கட்டைமேல் வைத்தாள். இப்போது முறை தெரிந்துவிட்டது அவளுக்கு.

குலவை விட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டார்கள்.

"என்ன வேணும், கேளுங்க தங்கச்சி" என்றார் மாமனார்.

"இந்தக் கட்டை இங்கிருந்து போக வேண்டும்."

"அது என் கையில இல்லையே."

"தெரியும். காத்திருக்கிறேன்."

கார் ஜன்னலிலிருந்து அரீன், பெரியம்மா, காப்பி ஆறிடுமே என்றாள். மாமனார் கோப்பையை எடுத்து, அதில் இருந்ததை மண்ணில் கொட்டிவிட்டு, கூஜாவைச் சாய்த்துச் சூடாக ஊற்றி அதே இடத்தில் வைத்தார்.

"ஆறினா ஆறட்டும். போகும்போதும் வரும்போதும் நான் மாத்தி ஊத்தறேன்."