ஊமை டிகோடர்

மூன்றாவது டிகோடரும் கருகியதும், பல் டாக்டர் பொறுமையிழந்து கடைக்கே போய்விட்டார். அவருடைய பொம்மை ரயில் எஞ்சினை ஓட்டுவதும் ஊதவைப்பதும் அந்த நகமளவு சில்லுதான்.

"இந்தத் தடவை ஊமையா ஒண்ணு குடுங்க. யாரும் தொடாமலே ஹாரன் அடிச்சு உயிர வாங்குது."

"அப்போ ஸ்பீக்கர் எதுக்கு? அதையும் கழட்டிருங்க," என்றார் கடைக்காரர்.

வீட்டுக்கு வந்ததும் டாக்டர் எஞ்சினுக்குள் இருந்த ஸ்பீக்கரைக் கடைவாய்ப்பல் போலப் பிடுங்கி, ஒயரை நறுக்கி, மேசை இழுப்பறைக்குள் எறிந்தார். ஊமைச் சில்லை மாட்டிப் பொத்தானை அழுத்தினார். எஞ்சின் பூனைபோல ஓடி, அட்டைச் சுரங்கத்துக்குள் நுழைந்தது.

"இப்ப வாயத் திற, பாப்போம்!" என்று சிரித்தார்.

எஞ்சின் வெளியே வரவில்லை. மூடிய இழுப்பறைக்குள் ஹாரன் அலறியது.