றாபியா ராத்தா பரிமாறிய சொக்லேட்

1997 ஓகஸ்டில் என் தங்கை றுமானாவுக்குக் கலியாணம். மாப்பிள்ளை அக்கரைப்பற்று. மாப்பிள்ளை வீட்டார் வந்து அமர்ந்ததும் சர்பத்துக்குப் பதிலாகச் சொக்லேட் பரிமாற வேண்டும் என்று றுமானா ஆசைப்பட்டாள். எங்கள் வாப்பா மீராமுகைதீன் கல்முனைக் கடைத்தெருவில் புடைவைக் கடை வைத்திருந்தார். துணியை விரலால் தொட்டே தரம் சொல்லிவிடுவார். சொக்லேட்டைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது.

"பக்கத்து வளவு றாபியா ராத்தாவைக் கேட்டுப் பாப்பமா வாப்பா?" என்றேன்.

நாங்கள் அக்கா முறையில் ராத்தா என்று அழைக்கும் றாபியா ஏழு வருடம் றியாதில் ஒரு பெரிய வீட்டில் வேலை செய்துவிட்டு அந்த வருடம்தான் ஊருக்குத் திரும்பியிருந்தார். அந்த வீட்டில் விருந்தாளிகளுக்குச் சொக்லேட் தெரிந்தெடுப்பதும் தட்டில் அடுக்குவதும் அவருடைய பொறுப்பு. கேட்டவுடன் சம்மதித்தார். "ஆனா சாமானை நான்தான் தெரிவன். பேப்பர்ட வடிவைப் பாத்து வாங்கேலா" என்றார்.

மறுநாள் கடைத்தெருவுக்கு நானும் கூடப் போனேன். தங்கத்தாள் சுற்றிய ஒரு பெட்டியைக் கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தார். ராத்தா அதில் ஒரு துண்டை வாயில் போட்டு, கடிக்காமல், கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"இது கரையல்ல. அண்ணத்தில ஒட்டுது" என்று சொல்லிப் பெட்டியைத் தள்ளி வைத்தார்.

பிறகு சாதாரண பழுப்புத் தாள் சுற்றிய ஒரு கட்டியை எடுத்துக் காதருகே பிடித்து முறித்தார். 'டக்' என்று சத்தம் கேட்டது. வாயில் வைத்ததும் அவர் முகம் மலர்ந்தது. எனக்கும் ஒரு துண்டு தந்தார். முதலில் இலேசான கசப்பு. பிறகு மெல்ல மெல்ல இனிப்பு ஏறியது. அதுவரை நான் சொக்லேட் என்று தின்றதெல்லாம் வெறும் சீனிதான் என்று அன்று விளங்கியது.

அந்தக் கடையில் பத்துக் கட்டிதான் இருந்தது. அதை வாங்கிக்கொண்டோம். மிச்சத்தைக் கொழும்பிலிருந்து லொறியில் எடுப்பித்தார் வாப்பா.

கலியாணத்துக்கு முதல் நாள் மத்தியானம் லுஹருக்குப் பிறகுதான் லொறி வந்து சேர்ந்தது. வழியில் இராணுவச் சோதனைச்சாவடி ஒன்றில் சாமான்களையெல்லாம் இறக்கிப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். அரை நாளாகப் பெட்டிகள் வெயிலில் கிடந்திருக்கின்றன. திறந்தபோது உள்ளே கட்டி என்று எதுவும் இல்லை. உருகி, ஒன்றோடொன்று ஒட்டி, மேலே சாம்பல் பூத்தாற்போல் கிடந்தது. றுமானா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"சரி, சர்பத்தே குடுப்பம்" என்றார் வாப்பா.

ராத்தா அந்தக் களியில் விரலைத் தோய்த்து நக்கிவிட்டு வாப்பாவைப் பார்த்தார். "ருசி அப்படியே இரிக்கி காக்கா. உருவம்தான் போயிட்டு. நாளைக்கு விடிய சுபஹுத் தொழுதிட்டுத் தொடங்கினா காத்து குளிரா இரிக்கும், நான் செஞ்சு தாறன். எனக்கு ஐஸ் வேணும். பேரீத்தம்பழமும் வறுத்த கச்சான் கடலையும் வேணும்."

வாப்பாவின் சிநேகிதர் கனகரெத்தினம் பாண்டிருப்புக்காரர், மீனுக்கு ஐஸ் விற்பவர். விடியும்போதே நான்கு பாளங்களை உமியில் புதைத்துக் கரத்தையில் கொண்டுவந்து இறக்கினார். "மீன் மணம் இல்லாத பெட்டியில வச்ச ஐஸ் தங்கச்சி, பயப்படாதீங்க" என்றார் ராத்தாவிடம்.

ராத்தா சுடுநீர்ப் பானைமேல் சட்டியை வைத்துச் சொக்லேட்டை உருக்கினார். ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் எல்லாம் திரைந்துவிடும் என்று மூடியின் ஆவியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு சட்டியை இறக்கி, கடையில் வாங்கிய பத்துக் கட்டியையும் சீவி அதற்குள் போட்டார்.

"நல்லதை ஏன் இதுக்குள்ள போடுறீங்க?" என்றேன்.

"இந்த நல்லதைப் பாத்துத்தான் மத்ததும் ஒழுங்கா இறுகும். இல்லாட்டி திரும்பவும் சாம்பல் பூக்கும்."

கை ஓயாமல் கிண்டினார். இடைக்கிடை கரண்டி நுனியைக் கீழுதட்டில் வைத்துச் சூடு பார்த்தார். அரை மணி நேரம் கழித்து, விதை எடுத்துக் கச்சான் திணித்த பேரீத்தம்பழங்களை ஒவ்வொன்றாகத் தோய்த்து, ஐஸ்மேல் வைத்த தட்டுகளில் அடுக்கினார். பதினொரு மணிக்குள் நானூறு முடிந்தது. ஒன்றை முறித்துப் பார்த்தோம். அதே 'டக்'. கதவுக்குப் பின்னால் நின்ற றுமானாவுக்கும் கேட்டிருக்க வேண்டும், வெளியே வந்து ராத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பின்னேரம் அஸருக்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். எல்லாத் தட்டையும் ஒரே தடவையில் வெளியே எடுக்க ராத்தா விடவில்லை. "முதலாம் தட்டு முடிஞ்ச பிறகுதான் ரெண்டாம் தட்டு. ஆளுக்கு ஒண்டு, கூடவே சீனி போடாத தேத்தண்ணி. வயசாளிகளுக்கு முதல்ல" என்றார். சீனி வருத்தக்காரருக்கென்று பேரீத்தம்பழம் இல்லாமல் வெறும் கச்சானில் சிறிதாகச் செய்த இருபதை வேறாக வைத்திருந்தார்.

பெண்கள் பக்கம் நான்தான் தட்டை ஏந்திப் போனேன். மாப்பிள்ளையின் உம்மா சுபைறா மாமி ஒன்றை எடுத்துக் கடித்தார். பக்கத்திலிருந்தவரோடு கதைத்துக்கொண்டிருந்தவர் கதையை நிறுத்திவிட்டார். அதை முழுதாகத் தின்று முடித்தபிறகுதான் நிமிர்ந்தார்.

"மாஷா அல்லாஹ். இதை எங்க எடுத்த நீங்க?"

"எடுக்கல்ல மாமி. றாபியா ராத்தா செஞ்சவ."

"அவவை இஞ்ச கூப்பிடுங்க."

என் பின்னால் நின்ற எங்கள் சாச்சி, உம்மாவின் தங்கை, என் காதுக்குள், "அரபு வீட்டுல குசினி வேல செஞ்ச புள்ளையைச் சபையில கொண்டந்து இருத்துறதா?" என்றார். அடுப்படி வாசலில் நின்ற வாப்பாவுக்கு அது கேட்டுவிட்டது. அவர் உள்ளே போய், "வாங்க றாபியா, மாப்பிள்ளைட உம்மா உங்களைப் பாக்கணுமாம்" என்று தானே அழைத்து வந்தார். மாமியின் அருகே ஒரு கதிரையையும் இழுத்துப் போட்டார்.

முக்காட்டு நுனியில் சொக்லேட் கறையோடு ராத்தா உட்கார்ந்தார். கூச்சப்படவில்லை. மாமி கேட்டதற்கெல்லாம் நிதானமாகப் பதில் சொன்னார். எப்படித் தெரிவது, எந்தத் தேத்தண்ணியோடு கொடுப்பது, ஏன் தட்டை நிறைத்து வைக்கக் கூடாது என்று அவர் விளக்கும்போது சுற்றியிருந்த பெண்கள் கதிரைகளை நகர்த்திக் கிட்ட வந்தார்கள். சாச்சியும் வந்து நின்றார். ராத்தா அவருக்கும் ஒன்றை எடுத்து நீட்டினார். வாங்கித் தின்றார்.

"மார்கழியில என்ட இளைய மகள்ட கலியாணம். நீங்கதான் வரணும்" என்றார் மாமி.

"ஓம் மாமி, வாறன். ஆனா ஒரு மாசத்துக்கு முதல்லயே சொல்லணும். கொழும்புக்கு நானே போய்த் தெரிஞ்சு, ராவில ஓடுற லொறியில ஏத்தி விடுவன்."

அந்த மார்கழியில் அக்கரைப்பற்றுக்குப் போன ராத்தாவோடு நானும் போனேன். அறுநூறு பேருக்குச் செய்தார். அடுத்த நோன்புப் பெருநாளுக்குள் சாய்ந்தமருதிலிருந்தும் பொத்துவிலிலிருந்தும் ஆட்கள் அவர் வாசலுக்கு வரத் தொடங்கியிருந்தார்கள். வந்தவர்களை முதலில் உட்காரவைத்து, இரண்டு வகைச் சொக்லேட்டை வாயில் போடக் கொடுத்து, எது பிடித்திருக்கிறது என்று கேட்டபிறகுதான் அவர் வேறு கதை கதைப்பார்.