மம்மி பாலை விட்டாள்

உபவாசத்தின் ஆறாம் நாள், வெந்நீரைத் தவிர வேறெதுவும் தொண்டையில் இறங்காத மம்மி, மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு என் பாதாம் பால் டப்பாவை வாசித்தாள்.

"இந்தப் பாதாம் எந்த ஊரு?"

"கலிஃபோர்னியா."

"கப்பல்லயா வந்துச்சு? வழியில எத்தனை மீன் அடிபட்டுதோ. நம்ம பால்காரன் சைக்கிள்ல வர்றான்."

டப்பாவைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். கப்பல் புகையைப் பற்றிக் கல்லூரி வீகன் சங்கத்தில் உரையாற்றியவனே நான்தான், செயலாளர். அகமதாபாத்தில் ஜைன வீட்டில் பிறந்தவன் பாலையும் விட்டு வீகன் ஆவது சுலபம் என்று வெளியே நினைக்கிறார்கள். பர்யூஷண் நோன்பின் எட்டு நாளும் எங்கள் அடுப்பில் பச்சைக் காய் ஏறாது. பாலையும் தள்ளிவிட்டால் தட்டில் பருப்பு மட்டும் இருக்கும். அதுவும் என்னைப் பார்த்துப் பரிதாபப்படும்.

எட்டு நாள் உபவாசம் முடிந்ததும் முதல் வாய் மகன் கையால்தான் என்பது எங்கள் வீட்டு வழக்கம். பாசிப்பருப்புத் தண்ணீர், அடுத்து பால். பருப்புத் தண்ணீரோடு நான் நிறுத்திக்கொள்கிறேன், பாலை வேறு யாராவது கொடுங்கள் என்றேன். மம்மி அழுக்குத் துணி எடுப்பதற்காக என் விடுதிப் பையை ஒற்றைக் கையால் பிரித்தாள். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. பைக்குள் பாதி தின்ற உருளைக்கிழங்கு வறுவல் பாக்கெட்.

ரத்தம் காயாத கத்தி கிடைத்திருந்தால்கூட அந்த முகம் அப்படி ஆகியிருக்காது. மண்ணுக்கடியில் விளைவது எதையும் எங்கள் வீட்டில் தொடுவதில்லை.

"ஒரு மாட்டுக்காக அழுவுற. ஒரு கிழங்குக்குள்ள எத்தனை உயிரு, தெரியுமா தீக்ரா?" அப்போதும் 'மகனே' என்றுதான் அழைத்தாள்.

"கிழங்குக்கு வலிக்காது மம்மி."

"நீ கேட்டியா அத?"

மறுநாள் காலை, துறவிகள் தங்கும் உபாசிரயத்தில், கூட்டத்துக்கு நடுவே எழுந்து நின்று பெண் துறவியான சாத்வியிடம் நியமம் வாங்கிக்கொண்டாள்: மகன் கிழங்கை விடும்வரை பால், தயிர், நெய் எதையும் தொடமாட்டேன். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த நான் வீகன் சங்க வாட்ஸப் குழுவுக்குச் செய்தி அனுப்பினேன்: 'எங்க மம்மி பாலை விட்டுட்டாங்க.' வீடு திரும்புவதற்குள் நாற்பத்திரண்டு இதயம்.

பப்பா என் முன்னால் மம்மியின் டாக்டர் சீட்டை வைத்தார். போன மாதம் குளியலறையில் லேசாக வழுக்கியதற்கே மணிக்கட்டு விரிசல் விட்டிருந்தது. எலும்பு சல்லடை. தினம் இரண்டு டம்ளர் பால் என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தார் டாக்டர்.

"வறுவலை விட்டுத் தொலையேன்டா."

"ராகி, எள்ளு கொடுக்கலாம் பப்பா. அதுலயும் கால்சியம் இருக்கு."

"நாப்பது வருஷமா டீ குடிச்சு உசிரோட இருக்கறவ. எள்ளுல டீ போடுவியா?"

நான் கிழங்கை விட்டால் மம்மி பாலுக்குத் திரும்புவாள். மாட்டுக்கு நான் துரோகி. விடாவிட்டால் மம்மி வீகனாகவே இருப்பாள். அதாவது கொள்கைப்படி, என் தாயின் எலும்பு பொடியாகும்வரை தினமும் உருளைக்கிழங்கு தின்பது என் கடமை. சங்கத் தலைவியிடம் கேட்டேன். நல்ல கேள்வி, அடுத்த கூட்டத்தில் விவாதிக்கலாம் என்றாள்.

மம்மியிடமே போனேன். "என்னைத் தண்டிக்கத்தானே இது?"

"உன் நாக்கை வளர்த்தது நான். அத அடக்க முடியல. என்னோடத அடக்குறேன்," என்றாள். கோபம் துளியும் இல்லை. இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

உபவாசம் முடிந்த காலையில் கூடம் நிறைய உறவினர்கள். மம்மி பலகையில் உட்கார்ந்திருந்தாள். எட்டு நாளில் கன்னம் ஒட்டி, வேறு யாரோ போல் இருந்தாள். கரண்டியை அருகே கொண்டுபோனேன். கரண்டிக்கு உதடு திறக்கவில்லை.

"விட்டியா?"

"சொல்லித் தொலைடா, பருப்பு ஆறுது," என்றாள் பின்னாலிருந்து அத்தை.

"விட்டுட்டேன்."

உண்மையா பொய்யா என்று எனக்கே தெரியவில்லை. என் வாய் சொல்லிவிட்டது. மம்மிக்குச் சந்தேகமே வரவில்லை. பருப்புத் தண்ணீரை விழுங்கினாள். யாரோ என் கையில் வெள்ளி டம்ளரைத் திணித்தார்கள். சூடு. பால் மணம் மறந்திருக்கும் என்று நினைத்திருந்தேன்.

மம்மி இடக்கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, கடைசிச் சொட்டுவரை குடித்தாள். மேலுதட்டில் மெல்லிய வெள்ளைக் கோடு. என்னை விடாமலே முகத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டினாள். துடைக்க விரலைக் கொண்டுபோனேன். கோடு அசைந்தது. "எனக்காக விட்டுட்டியே தீக்ரா," என்று சொல்ல ஆரம்பித்திருந்தாள்.