ஓல்சேத் ஏரிக்குப் போகும் ரோடு

ஏரிக்கு இறங்கும் ரோட்டைப் பனியை வாரிப் போட்டு அடைத்துவிடு என்று என் தம்பி லோவெல் சொன்னபோது, நான் அவன் வீட்டு வாசலில் நின்று பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ஒன்று கழன்றுவிட்டது, இன்னொன்று காலில் இருந்தது. விளையாடுகிறான் என்றுதான் நினைத்தேன்.

“மறுபடி சொல்லு.”

“சனிக்கிழமைக்கு முன்னாடி, அக்கா. உன் வண்டி எப்படியும் அந்தப் பக்கம் போகுது. போற போக்குல ஆள் உயரத்துக்குத் தள்ளிட்டு வந்துடு.”

“அது பொது ரோடு, லோவெல்.”

“சுவரா கட்டச் சொல்றேன்? பனிதானே. பனி எங்க குவிஞ்சுதுன்னு யார் வந்து கேக்கப் போறா?”

கழற்றிய பூட்ஸை மறுபடி மாட்டிக்கொண்டேன். அவன் மனைவி ஊற்றி வைத்த காபியைக் குடிக்காமலே வந்துவிட்டேன்.

எங்கள் ஊரில் ரோட்டுப் பனியைத் தள்ளி ஒதுக்குகிற பனிவாரி வண்டியை ஓட்டுவது நான். மினசோட்டா மாநிலத்தின் வடக்கே எங்களுக்கு வருஷத்தில் பாதி பனிதான், அதனால் என்னைத் தெரியாதவர்கள் கிடையாது. முதல் வருஷம் பொம்பளை ஓட்டுகிறாளாம் என்று சிரித்தார்கள். இப்போது அஞ்சு நிமிஷம் தாமதமானால் திட்டுகிறார்கள். எனக்கு அது போதும்.

லோவெல் கோபப்பட்டதில் நியாயமில்லை என்று சொல்ல மாட்டேன். ஓல்சேத் ஏரி பெரிய ஏரி இல்லை. ஆனால் அதில் சன்ஃபிஷ் என்கிற மீன் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வளரும். நெற்றி புடைத்து, கழுத்தடி ஆரஞ்சு நிறத்தில் எரியும். வெண்ணெயில் வறுத்தால் ஒரு மீன் ஒரு ஆளுக்குக் காணும். நாங்கள் இதை வெளியே சொல்லிக்கொண்டதில்லை. இரண்டு குளிர்காலங்களுக்கு முன் எவனோ ஒருத்தன் அந்த மீனைக் கையில் பிடித்துப் படமெடுத்து, ஏரியின் பெயரையும் சேர்த்து இணையத்தில் போட்டுவிட்டான்.

அடுத்த சனிக்கிழமையே ஏரி திருவிழா மைதானமாகிவிட்டது. உறைந்த ஏரி மேல் எங்கு பார்த்தாலும் சிவப்பும் நீலமுமாகக் கூடாரங்கள். பிக்கப் வண்டிகள், ஜெனரேட்டர் இரைச்சல், பன்றி இறைச்சி வாட்டுகிற வாசனை. பனிக்கட்டி முழுக்க மீன்பிடிக்கப் போட்ட துளை. தண்ணீருக்கடியில் மீன் எங்கே கூடியிருக்கிறது என்று காட்டுகிற திரை ஒவ்வொருவர் முழங்காலிலும் இருந்தது. குளிர்காலத்தில் அந்த மீன்கள் நடு ஏரியின் ஆழத்தில் ஒரே கும்பலாகக் கிடக்கும். ஒருத்தனுக்கு இடம் தெரிந்தால் அத்தனை பேரும் அங்கே போய் நிற்பார்கள். ரோட்டின் இரண்டு பக்கமும் வண்டியை நிறுத்திவிட்டுப் போனதால் என் பனிவாரி நுழையக்கூட முடியவில்லை. நானும் வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன்.

அடுத்த குளிர்காலத்தில் தட்டு அகல மீன் உள்ளங்கை அகலத்துக்கு வந்துவிட்டது. அப்போதுதான் லோவெல் எங்கள் ஊர் ஏரிச் சங்கத்துக்குத் தலைவனானான். மின்கம்பி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஆள், வேறு வேலையும் இல்லை. ஊர் மதுக்கடையில் உட்கார்ந்து, “நகரத்துக்காரன் வந்தான், ஏரியை நக்கிட்டுப் போயிட்டான்” என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

ரோட்டை அடைக்க நான் மறுத்த வாரம், சனிக்கிழமை மதியம் அவனும் அவன் கூட்டாளி ஹார்லனும் பனிமேல் இறங்கினார்கள். நான் கரையோரம் பனியை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். இந்த இரண்டு பேரும் சேர்ந்து நடந்தால் ஏதோ வம்புதான் என்று தெரியும். இன்ஜினை அணைத்துவிட்டுப் பின்னாலேயே போனேன்.

மினியாபொலிஸ் நகரத்துப் பையன்கள் நாலு பேர் பாட்டுப் போட்டுக்கொண்டு பியர் குடித்தபடி மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். லோவெலும் ஹார்லனும் அவர்களைத் தாண்டிப் போனார்கள். அடுத்த கூடாரத்தில் ஒரு அப்பா, அவருடைய இரண்டு சின்ன மகள்கள். அவரையும் தாண்டினார்கள். நேராகப் போய் நின்றது, கூடாரம்கூட இல்லாமல் கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களிடம். ஒருத்திக்கு நாற்பது வயது இருக்கும். மற்றவள் அவள் அம்மா, கம்பளியில் முகம் வரை சுற்றிக்கொண்டிருந்தாள். மோங் ஜனங்கள். போருக்குத் தப்பி லாவோஸ் மலைகளிலிருந்து வந்து செயின்ட் பால் நகரத்தில் குடியேறியவர்கள். மகள் செயின்ட் பாலிலேயே பிறந்தவள். அவள் பெயர் பா ஹுவா என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

“நீங்க எங்கிருந்து வர்றீங்க?” என்றான் லோவெல்.

“செயின்ட் பால். நீங்க?”

“நான் இந்த ஊர்.”

“நல்ல ஊர்” என்று சொல்லிவிட்டுத் தூண்டிலைப் பார்த்தாள்.

ஹார்லன் முன்னால் வந்தான். “உங்க ஆளுங்க சின்னது பெருசுன்னு பாக்காம வாரிட்டுப் போறீங்க. இங்க மீனே இல்ல இப்ப. மூட்டை கட்டுங்க.”

அவள் தூண்டிலைக் கவனமாக அம்மா கையில் கொடுத்தாள். எழுந்தாள். உயரம் ஹார்லனின் தோள்வரைதான். தன் மீன் வாளியை எடுத்து அப்படியே பனிமேல் கொட்டினாள். உறைந்து விறைத்த மீன்கள் விறகுக்கட்டை மாதிரி கடகடவென்று உருண்டன.

“எண்ணிக்குங்க. எங்க ரெண்டு பேரோடதும் இதுதான். சட்டம் சொல்றதுல பாதிகூட இல்ல. எண்ணியாச்சா? இப்ப உங்க வாளியைக் கொட்டுங்க.”

“நான் ஏன் கொட்டணும்?”

“நான் ஏன் கொட்டினேன்?”

பையன்கள் பாட்டை நிறுத்திவிட்டார்கள். லோவெலின் காது சிவந்தது. சின்ன வயதிலிருந்தே அவனுக்கு ரோஷம் காதில்தான் தெரியும். தன் கூடாரத்துக்குப் போய் வாளியைத் தூக்கி வந்து கொட்டினான். அவனுடையதும் சட்டத்துக்கு உட்பட்டதுதான். ஒரு மீன்கூடக் கூடுதல் இல்லை. ஆனால் ஒவ்வொன்றும் அவள் மீனைப் போல ஒன்றரை மடங்கு. இந்த ஏரியில் மிச்சமிருந்த பெரிய மீன்கள் எங்கே இருக்கும் என்று எங்கள் எல்லோரையும்விட அவனுக்குத் தெரியும்.

பா ஹுவா குனிந்து பார்த்தாள். “எங்களுக்கு மாட்டாததெல்லாம் உங்ககிட்டத்தான் இருக்கு, சார்” என்றாள்.

அவள் அம்மா தங்கள் மொழியில் எதையோ உரக்கச் சொன்னாள்.

“என்னவாம்?” என்றான் ஹார்லன்.

“தடதடன்னு நடந்தா மீன் ஓடிடும், நிக்கறதா இருந்தா ஒரே இடத்துல நில்லுங்கன்னு சொல்றாங்க. நான் சொல்றதையும் கேட்டுக்குங்க. நாங்க இன்னைக்குப் போக மாட்டோம். அடுத்த சனிக்கிழமையும் வருவோம்.”

நான் சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை. லோவெல் திரும்பி என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை ஏரி ரோட்டுக்குப் போனால், குறுக்கே மலைபோல் பனி. ஹார்லனின் டிராக்டர் தடம் பக்கத்திலேயே. அவனும் லோவெலும் சங்கத்து ஆட்கள் சிலரும் சூடான காபிக் கோப்பைகளோடு நின்றிருந்தார்கள், ஏதோ பாலம் திறப்பு விழா மாதிரி.

வண்டி ஜன்னலை இறக்கினேன். “தள்ளி நில்லுங்க.”

லோவெல் வண்டிக்கு முன்னால் வந்து நின்றான். “அக்கா, நீ யார் பக்கம்?”

“நான் ரோட்டு வேலை பாக்கறவ. ரோட்டுல பனி கெடக்கு.”

“அப்பா மீன் பிடிச்ச ஏரி இது.”

“அப்பா நார்வேயிலிருந்து வந்தப்ப இங்க இருந்தவங்க ரோட்டை அடைச்சிருந்தா, நீ இன்னைக்கு இங்க நின்னு காபி குடிச்சிருக்க மாட்ட. நகரு, லோவெல். நீ நகரலன்னா பனியோட சேத்து உன்னையும் பள்ளத்துல தள்ளுவேன். அம்மா இருந்தா அம்மாவே தள்ளச் சொல்லியிருப்பா.”

அவன் நகர்ந்தான். பனி இரவெல்லாம் இறுகிப் பாறையாகியிருந்தது. வண்டியின் முன்தகட்டை இறக்கி, பின்னுக்கு வந்து, மறுபடி மோதி, மறுபடி மோதி... வண்டி நடுங்கியது, என் பல் கிட்டியது. ஒருத்தரும் உதவவில்லை, ஒருத்தரும் தடுக்கவும் இல்லை. ரோட்டின் கறுப்பு தெரிகிறவரை தள்ளினேன். முடித்துவிட்டுத் திரும்பும்போது அழுகை வந்தது. பயமா, கோபமா என்று கேட்டால் தெரியாது. என்ன இருந்தாலும் கூடப் பிறந்தவன்.

விஷயம் ஊர்க் கூட்டத்துக்கு வந்தது. மாநில மீன்துறையிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். மண்டபத்தில் நாற்காலி போதாமல் சுவரோரமெல்லாம் ஆட்கள் நின்றார்கள். கடைசி வரிசையில் பா ஹுவாவும் அவள் அம்மாவும். நான்தான் தேதியைச் சொல்லி அனுப்பியிருந்தேன். பா ஹுவா தான் வேலை பார்க்கிற தொழிற்சாலையில் லீவு போட்டுவிட்டு, பனிப்புயலில் நாலு மணி நேரம் ஓட்டி வந்திருந்தாள்.

ஹார்லன் எழுந்து ஒரே கேள்விதான் கேட்டான். “கூட்டம் ஏரியைக் கெடுக்குதா, இல்லையா? ஆமா, இல்லன்னு சொல்லுங்க.”

“கெடுக்குது” என்றாள் மீன்துறைப் பெண். சங்கத்துக்காரர்கள் கைதட்டினார்கள். கைதட்டல் ஓயும்வரை அவள் காத்திருந்தாள். “ஆனா மீனுக்கு யார் எந்த ஊர்னு தெரியாது. பெரிய ஆண் மீன்தான் முட்டை இருக்கற கூட்டைக் காவல் காக்குது. அதை எடுத்துட்டா, பொடி மீன் வளர்றதை விட்டுட்டு முட்டைக் காவலுக்கு வந்துடுது. அப்புறம் அது அந்த அளவுலயே நின்னுடும். ஏரி முழுக்க மீன் இருக்கும், எல்லாம் பொடியா. ஆளுக்கு இருபதுன்னு இருக்கறதை அஞ்சா குறைக்கணும். எல்லாருக்கும். இந்த ஊர்க்காரங்களுக்கும் சேத்துத்தான்.”

கைதட்டல் வரவில்லை. “எங்களுக்குமா?” என்று ஒரு குரல். லோவெல் எழுந்து, நாங்கள் தலைமுறையாகப் பிடிக்கிறோம், அப்போதெல்லாம் மீன் குறையவில்லை என்று ஆரம்பித்தான்.

நான் எழுந்தேன். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. குரல் தேவைக்கு மேலே ஏறிவிட்டது.

“அப்ப நம்மகிட்ட மீனைக் காட்டற அந்தத் திரை இல்ல, லோவெல். கூட்டம் கெடுக்கலன்னு நான் சொல்ல வரல. கெடுக்குது. அந்தக் கூட்டத்துல நீயும் ஒருத்தன், நானும் ஒருத்தி. அவங்க சனிக்கிழமை மட்டும் வர்றாங்க. நாம தினமும் போறோம். உன் ஃப்ரீசர்ல ஐஸ்கிரீம் எடுக்கப் போனா மீனைத் தோண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கு. அது போன வருஷத்து மீன். நீ தின்னவும் இல்ல, ஏரியில விடவும் இல்ல!”

மண்டபம் சிரித்தது. லோவெலின் மனைவிதான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாள். அது அவனை ரொம்பக் காயப்படுத்தியது என்று நினைக்கிறேன். ஆனாலும் சொன்னதை நான் திரும்ப வாங்கப்போவதில்லை.

அஞ்சு மீனுக்குச் சம்மதிக்கிறவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. கடைசி வரிசையில் பா ஹுவாவும் தூக்கினாள். பக்கத்தில் அவள் அம்மாவும்.

“அவங்க இந்த ஊர் இல்ல! கையை எறக்கச் சொல்லுங்க” என்றான் ஹார்லன்.

“நீங்க எண்ண வேண்டாம்” என்றாள் பா ஹுவா. “எண்ணணும்னு நான் கேக்கல. ஆனா இந்தச் சட்டம் எனக்கும்தான். என் வாளியிலயும் மீன் குறையும். அதனால தூக்குவேன்.”

எண்ணி முடிக்கும்வரை அந்த இரண்டு கைகளும் இறங்கவில்லை. அம்மாவுக்குக் கை வலித்தபோது மற்றக் கையால் முட்டுக்கொடுத்துக்கொண்டாள். அவர்களை எண்ணாமலே தீர்மானம் நிறைவேறியது, நூலிழையில்.

மறு குளிர்காலத்தில் அஞ்சு மீன் சட்டம் வந்தது. வாளி நிரப்ப வந்தவர்கள் பெயர் தெரியாத வேறு ஏரிகளைத் தேடிப் போய்விட்டார்கள். மீன் பிடிக்கிற ஆசைக்காக வருகிறவர்கள் இன்னும் வருகிறார்கள். பையன்கள் பாட்டோடு வருகிறார்கள். அதிகம் முனகுவது எங்கள் ஊர்க்காரர்கள்தான். பனிவாரியை எந்தத் தெருவில் ஓட்டினாலும் யாராவது ஒருத்தன் வாசலில் நின்று ஐந்து விரலைக் காட்டிப் பழிக்கிறான். நானும் ஹார்ன் அடித்துவிட்டுப் போகிறேன்.

லோவெல் என்னோடு பேசுவதில்லை. கிறிஸ்துமஸுக்கு அவன் மனைவி மட்டும் வந்து ரொட்டி கொடுத்துவிட்டுப் போனாள். அவன் இப்போது கிழக்கே வேறொரு ஏரிக்குப் போகிறானாம். அந்த ஊர்க்காரர்கள் அவன் கார்க் கண்ணாடியில் ‘வந்த வழியே போ’ என்று எழுதி ஒட்டியிருந்தார்களாம். சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை. அவனைப் போகச் சொல்ல அவர்களும் யார் என்றுதான் தோன்றியது.

மீன் பெரிதாகிவிட்டதா என்று கேட்டால், இல்லை. வருஷங்கள் ஆகும் என்கிறார்கள். ஆகாமலே போகலாம் என்றும் சொல்கிறார்கள்.

போன சனிக்கிழமை பா ஹுவாவின் பக்கத்தில் துளை போட்டு உட்கார்ந்திருந்தேன். அவள் அம்மா எனக்கு மிளகாய்ச் சட்னியும் ஒட்டுகிற சோறும் கொடுத்திருந்தாள். கண்ணில் தண்ணீர் வழிய வழியத் தின்றுகொண்டிருந்தபோது என் தூண்டில் வளைந்தது. நெற்றி புடைத்த ஆண் மீன், கழுத்தடியில் அந்த ஆரஞ்சு. எத்தனையோ மாதமாக நான் அப்படி ஒன்றைப் பார்க்கவில்லை. அஞ்சில் ஒன்றாக வீட்டுக்கு எடுத்துப் போகலாம், சட்டம் தடுக்காது. வெண்ணெய்கூட வாங்கி வைத்திருந்தேன்.

பக்கத்துக் கூடாரத்திலிருந்து ஹார்லன் தலையை நீட்டினான். “ஆர்டிஸ், அதையும் விடப்போறியா? மூளை கெட்டுப் போச்சா உனக்கு?”

“ஆமா, ஹார்லன். நல்லாப் பாத்துக்கோ.”

மீனைத் தலைகீழாகத் துளைக்குள் இறக்கினேன். விரல் மரத்துப்போகிறவரை பிடித்திருந்தேன். அது ஒருமுறை வாலை உதறிவிட்டு உள்ளே போயிற்று.